கினு அக்காவும் திருப்பித் தள்ளிய சுவரும்

உலகம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை யாரும் யாரையும் அடித்ததே இல்லை என்று நம்பிய ஒரே ஜீவன் கினு அக்காதான். காசிமேட்டில் கண்ணெதிரே ஒருவன் இன்னொருவனின் சட்டையைப் பிடித்து, கன்னத்தில் அறைந்து, ஐஸ் பெட்டி மேல் தள்ளிவிட்டாலும் அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார். "அடிக்கலம்மே. அட்ச்சிகினாங்க" என்பார். அறை வாங்கியவன் பரிதாபமாகப் பார்ப்பான். "உன் கன்னமும் அவன் கைய அட்ச்சிகீதுப்பா. வோணும்னா அவன் கைய பாரு, எப்டி செவந்துகீது" என்று அவனுக்கு ஆறுதல் வேறு சொல்வார். அந்த ஆறுதலைக் கேட்ட பிறகும் அவருக்கு ஒன்று விழாமல் இருந்ததற்குக் காரணம், காசிமேட்டுக்காரர்களின் பெருந்தன்மைதான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ஹாஸ்டல் வார்டன் ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு மட்டும் தெரியும். எங்களுக்கெல்லாம் கினு அக்கா. வந்துகினு, போய்கினு, துன்னுகினு என்று வடசென்னைப் பேச்சில் 'கொண்டு'க்குப் பதிலாகச் சொல்லுக்குச் சொல் வந்து தொற்றிக்கொள்கிற அந்தக் கினுவை, மற்றவர்கள் வாயால் சொன்னார்கள். அக்கா மனசார நம்பினார். விசையைப் பற்றி விஞ்ஞானிகள் எழுதி வைத்ததெல்லாம் இந்த இரண்டு எழுத்துக்குள் அடங்கியிருக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம்.

அவர் பார்த்த வேலையும் அப்படிப்பட்டது. திருவொற்றியூரில் ஒரு பேட்டரி கடையின் மாடியில், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் செல்போனில் பார்ப்பதற்காக அறிவியல் பாடங்களைப் படமாக்கும் கம்பெனி ஒன்றின் சின்னக் கிளை இருந்தது. பாடங்களை எழுதுவது அக்காவின் வேலை. இயற்பியல் பட்டம் வாங்கியவர். பேருந்தில் நின்றுகொண்டு போகும்போதுகூட, பிரேக் போட்டால் யார் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே தன்னுடைய நிறுத்தத்தைக் கோட்டைவிடுவார். நானோ தூத்துக்குடிப் பக்கம் மளிகைக் கடைக்காரர் மகள். துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகளுக்குக் காகித வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். இராயபுரத்தில் மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருந்த எங்கள் பெண்கள் ஹாஸ்டலில், என் விதி என்னை அவருடைய அறையில் கொண்டுபோய்ப் போட்டது.

சேர்ந்த அன்றைக்கே அவருடைய இரும்புப் பெட்டியில் என் கால் சுண்டுவிரல் மோதியது. உயிர் போகிற வலி.

"ஐயோ, பெட்டி இடிச்சிட்டுதே!" என்று ஒற்றைக் காலில் குதித்தேன்.

கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த அக்கா சீப்பைக் கீழே வைத்தார். "இன்னாம்மே சொன்ன? பொட்டி உன்ன இட்ச்சிச்சா?"

"ஆமாக்கா."

"நீ பொட்டிய இடிக்கல?"

"நான் எதுக்குக்கா பெட்டிய இடிக்கப் போறேன்?"

"அப்போ அது மட்டும் எதுக்கு உன்ன இடிக்கப் போவுது? தோ பாரு. ரெண்டு பேரும் இட்ச்சிகினீங்க. நீ அத்த எவ்ளோ குத்து குத்தினியோ, அதே குத்து அது உன்ன குத்திச்சி. ஒரு பொடி ஜாஸ்தி இல்ல, ஒரு பொடி கொறவு இல்ல."

சொல்லிவிட்டுத் தைல பாட்டிலை எடுத்து வந்தார். என் விரலில் தேய்த்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நகர்ந்துபோய்ப் பெட்டியின் மூலையிலும் கொஞ்சம் தேய்த்தார். என் அம்மாவுக்கு அன்றைக்கே போன் போட்டு, ரூம் மாற்றிக் கேட்கலாமா என்று யோசனை கேட்டேன்.

எங்கள் பக்கம் குழந்தை தடுக்கி விழுந்தால் தரையை நாலு அடி அடித்து, "தரையை அடிச்சாச்சு, அழாத" என்று சமாதானம் செய்வோம். இந்த வழக்கம் மட்டும் அக்காவுக்கு ஆகவே ஆகாது. ஸ்டெல்லா ஆன்ட்டியின் பேத்தி ஒருநாள் வராந்தாவில் விழுந்தபோது, ஆன்ட்டி தரையை அடிக்கக் கை ஓங்க, அக்கா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துவிட்டார்.

"ஆன்ட்டி, கொயந்த வுழுந்தப்பவே தரை ஒரு அடி வாங்கிகிச்சி. இப்ப நீங்க எதுக்கு மறுக்கா அடிக்கிறீங்க? இன்னா நாயம் இது?"

"ஏம்மா, நீ கொயந்த கட்சியா, தரை கட்சியா?" என்றார் ஆன்ட்டி.

"ரெண்டு கட்சியும்தான் ஆன்ட்டி."

பேத்தி அழுகையை மறந்து, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அளவில் வைத்தியம் பலித்தது.

எனக்குப் படிப்பில் விட்டுப்போன சந்தேகம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் உட்கார் என்பார்கள் என்று பயந்து கேட்காமலே விட்டது. அதை அக்காவிடம் கேட்டேன். "ரெண்டு தள்ளும் சமம்னா ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போயிடணுமே அக்கா? அப்புறம் எப்படி ஒரு பொருள் நகருது?"

அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "கேட்ட பாரு ஒரு கேள்வி! உன் காலு வலிக்கு பொட்டி மேல தைலம் தேச்சா உனக்கு வலி போச்சா?"

"போகல."

"ஏன் போவல? பொட்டி வாங்குன குத்து பொட்டி மேல. நீ வாங்குன குத்து உம்மேல. வேற வேற ஆளு. அவன் கடனையும் உன் கடனையும் ஒண்ணா போட்டு எப்டிம்மே கயிக்கிறது? ஒரே ஆளு மேல ரெண்டு பக்கத்திலேந்தும் தள்ளுனாதான் கயியும்."

"அப்போ அன்னைக்குப் பெட்டி மேல எதுக்குத் தைலம் தேய்ச்சீங்க?"

"மரியாதிக்கி" என்றார்.

இதற்கு மேல் நான் ரூம் மாற்றிக் கேட்கவில்லை.

அவருடைய ஆராய்ச்சிகளால் ஹாஸ்டல் பட்டபாடு கொஞ்சமல்ல. சுவர் திருப்பித் தள்ளுகிறது என்பதை நாங்கள் எல்லோரும் உள்ளங்கையால் உணர வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்த ஹாஸ்டலையும் வராந்தாச் சுவரில் கை வைத்து நிற்க வைத்தார். மெதுவாகத் தள்ளினால் சுவரும் மெதுவாகத் தள்ளும், பலமாகத் தள்ளினால் பலமாகத் தள்ளும், நீங்கள் கையை எடுத்தால் அதுவும் விட்டுவிடும், தனியாக இருக்கும்போது சுவர் யாரையும் தள்ளாது என்று பாடம் நடந்தது. உப்புக் காற்றில் ஊறிப்போன சுவர். பலமாகத் தள்ளச் சொன்ன இடத்தில் ஒரு பாளம் காரை பெயர்ந்து ஸ்டெல்லா ஆன்ட்டியின் துளசித் தொட்டிக்குள் விழுந்தது.

"இன்னாடி பண்றீங்க என் செவுத்த?" என்று ஆன்ட்டி அலறினார்.

"அதால முடிஞ்ச வரைக்கும் தள்ளிச்சி ஆன்ட்டி. அப்பால முடில, வுட்டுடுச்சி" என்றார் அக்கா, உண்மையான வருத்தத்தோடு. காரை பெயர்ந்த இடத்தைத் தடவியும் கொடுத்தார்.

தெருவில் ஆட்டோவும் மீன் வண்டியும் மோதிக்கொண்ட கதை இதைவிட மோசம். கூட்டம் கூடி, யார் இடித்தது என்று போக்குவரத்துப் போலீஸ்காரர் விசாரித்துக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்த சாட்சி யாராவது உண்டா என்று அவர் கேட்டதுதான் தாமதம், அக்கா முன்னே போய் நின்றார்.

"நா பாத்தேன் சார்."

"யாரும்மா இடிச்சது?"

"ரெண்டும் இட்ச்சிகிச்சி சார்."

"அது தெரியுதும்மா. யாரு யார இடிச்சது?"

"ஒண்ணு மட்டும் இடிக்கவே முடியாது சார். நீங்க தனியா நின்னுகினு யாரயாச்சும் இடிச்சி காமிங்க பாப்போம்."

போலீஸ்காரர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். ஆட்டோக்காரரும் மீன் வண்டிக்காரரும் அதுவரை ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது ஒன்றாகச் சேர்ந்து அக்காவைப் பார்த்து, "இன்னாம்மா நீ, பேஜார் பண்ணிகினு!" என்று கத்தினார்கள். ஒற்றுமை வந்துவிட்டது. வழக்கு அத்தோடு முடிந்தது. அக்கா இதைத் தன்னுடைய சாதனைகளில் ஒன்றாகக் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

ஆனால் எனக்கு அந்த நாட்களிலிருந்து நினைவில் நிற்பது இந்தக் கூத்துகள் அல்ல, ஒரு சோப்பு டப்பா.

காலையில் குளிக்க வரிசை. நடுவில் பெரிய அண்டா நிறையத் தண்ணீர். அதை அக்கா கைப்பற்றிக்கொண்டார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் வைத்து மிதக்கவிட்டார். இன்னொரு டப்பாவில் ஏதோ பட்டறையில் கேட்டு வாங்கி வந்த இரும்பு போல்ட்டுகள். இரண்டையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி விட்டார். தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக நாங்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

"காந்தம்தான் இரும்ப இயுக்கும்னு சொல்வாங்க. அத்த மட்டும் பாருங்க" என்றார் அக்கா.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு டப்பாவும் லேசாகத் திரும்பின. திரும்பி, தண்ணீரில் ஒரு சின்னக் கோடுகூடப் போடாமல், ஒன்றை நோக்கி ஒன்று நகர ஆரம்பித்தன. காந்தம் மட்டும் நின்ற இடத்தில் நின்று இரும்பைக் கூப்பிடவில்லை. அதுவும் கிளம்பி வந்தது. தொடாமல், கயிறில்லாமல், யாரும் ஊதாமல். நெருங்க நெருங்க வேகம் கூடி, நடுவில் டக்கென்று ஒட்டிக்கொண்டன. அதுவரை கத்திக்கொண்டிருந்த ஸ்டெல்லா ஆன்ட்டிகூட வாயை மூடிவிட்டார். எண்ணூர்ப் பக்கம் வேலைக்குப் போகிற பெண் பஸ்ஸை மறந்துவிட்டு, "இன்னொருக்கா வுடுக்கா" என்றாள். அன்றைக்கு எல்லோருமே வேலைக்குத் தாமதம்.

சாயங்காலங்களில் மொட்டை மாடிக்குப் போவோம். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் கடலில் காத்துக்கிடக்கும் கப்பல்கள் தெரியும். வெளிச்சம் போகப் போக ஒவ்வொரு கப்பலாக விளக்கு ஏற்றும். பௌர்ணமிக்கு நிலா நேரே தண்ணீரிலிருந்து எழுந்து வரும். துணி காயப்போடும் கொடிகளுக்கு நடுவே பாய் விரித்து மல்லாந்துகொண்டு அக்கா பேசிக்கொண்டே போவார். நிலா கடலை இழுப்பதால் அலை ஏறுகிறது என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள், கடலும் நிலாவை இழுக்கிறது என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்பது அவருடைய நிரந்தர மனக்குறை.

"மாம்பயம் கீய வுழுது. பூமி இஸ்துச்சிங்கிறாங்க. மாம்பயமும் பூமிய மேல இஸ்துகினுதான் வருது. அதே அளவு. பூமி ரொம்ப கனம், அத்தொட்டு அது ஏறி வர்றது நம்ம கண்ணுக்குத் தெர்ல. ஆனா ஏறுது. அந்தத் துளியோண்டு மாம்பயத்துக்காவ இம்மாம்பெரிய பூமி ஒரு எட்டு வெக்கிது. நெனச்சாலே எனக்கு தூக்கம் வருலம்மே."

அப்படியொரு சாயங்காலம் எனக்கு ஊர் ஞாபகம் தாங்க முடியாமல் வந்துவிட்டது. எங்கள் கடையில் விளக்கு ஏற்றுகிற நேரம். அப்பா கல்லாவிலிருந்து எழுந்து கை கழுவப் போவார். "ஊர் ரொம்ப இழுக்குதுக்கா" என்று சொல்லி மூக்கைச் சிந்தினேன்.

அக்கா எழுந்து உட்காரவில்லை. நிலாவைப் பார்த்தபடியே சொன்னார். "நீயும் ஊர இஸ்துகினுதான் கீற. உங்க அப்பா இப்ப கடையில குந்திகினு ரோட்ட பாத்துகினு இருப்பாரு. அவருக்கு ஏன் பாக்குறோம்னு தெர்யாது."

அழுகையை நிறுத்துவதற்குச் சொன்னாரா, இன்னும் அழ வைப்பதற்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. நன்றாக அழுதேன். அதற்குப் பிறகு இராயபுரம் எனக்குப் பழகிவிட்டது.

இந்த அக்காவுக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விசையைப் பற்றிய பாடம் அவருடைய குரலிலேயே, அவருடைய பேச்சிலேயே வெளியே போக வேண்டும். மற்றப் பாடங்களை அவர் எழுதிக் கொடுக்க, அறிவிப்பாளர் பெண் ஒருவர் தேன் ஒழுகும் குரலில் படித்துவிட்டுப் போவார். அதில் அக்காவுக்கு வருத்தம் இல்லை. இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்றார்.

"நா ஏயாவது வரைக்கும் கிளாஸ்ல வாயே தொறக்கலம்மே" என்று ஒருநாள் சொன்னார். "தொறந்தா சிரிப்பாங்க. இன்னான்னு சொல்லாத, என்னன்னு சொல்லுன்னு டீச்சரு தலைல கொட்டுவாங்க. கேள்வி நெறையா இருந்திச்சி. அத்த அவங்க பாசைல மாத்தி முடிக்கிறதுக்குள்ள பெல் அட்ச்சிடும். எங்க பசங்க இன்னிக்கும் அப்டிதான் குந்திகினு கீதுங்க. பாடம்னா யாரோ வேற ஊருக்காரங்க பேசறதுன்னு."

தலைமை அலுவலகத்திலிருந்து பாடங்களைச் சரிபார்க்க வருபவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் திருத்தல் சார். நல்ல மனிதர். சட்டை கசங்காது, தமிழும் கசங்காது. அக்கா பேசிப் பதிவு செய்திருந்த பாடத்தைக் கேட்டுவிட்டு, நெற்றியை நீவிக்கொண்டாராம்.

"கருத்தெல்லாம் பிரமாதம்மா. ஆனா 'இஸ்துகினு', 'இட்ச்சிகினு'ன்னு இருக்கே. கன்னியாகுமரிப் பிள்ளைக்கும் இது போகணுமில்லையா? 'சுவரை இடித்தான்'னு சொன்னா எல்லாருக்கும் புரியும்."

"அது தப்பு சார். அவன் மட்டும் இட்ச்சா மாதிரி ஆய்டும். செவுரு அவன இடிச்சது எங்க?"

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கே அக்காவின் பேச்சு முழுசாகப் புரிய நாளானது. வாதம் முடியாமல் போகவே, ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டையும் போட்டுக் காட்டுவது, பிள்ளைகளுக்கு எது பிடிக்கிறதோ அதையே வைப்பது என்று ஏற்பாடாயிற்று. சடையங்குப்பத்தில் ஏழாம் வகுப்பு. நானும் அலுவலகத்துக்கு வயிற்றுவலி சொல்லிவிட்டு, ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

முந்தின நாள்தான் மழை விட்டிருந்தது. ஒரு தூறல் போட்டாலே சடையங்குப்பத்தில் தண்ணீர் நிற்கும். பள்ளிக்கூடம் கண்ணில் தெரிகிற இடத்தில் எங்கள் வேன் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி அசையவில்லை. திருத்தல் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்காவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? கீழே குதித்தார். "டயரு தரைய பின்னால தள்ளணும். தரை டயர முன்னால தள்ளணும். அப்பதான் வண்டி போவும். இது கொழகொழன்னு கீது. தள்ளுனா ஒதுங்கிகினு போவுது, திருப்பித் தள்ள மாட்டேங்குது. புடிச்சி நிக்க எதுனா போடணும்" என்று அறிவித்துவிட்டு, கோணிப்பை தேட ஆரம்பித்தார். அதற்குள் பள்ளிக்கூடத்து ஜன்னல்களில் தலைகள் முளைத்துவிட்டன.

"கோணியெல்லாம் எதுக்கும்மா? ஒரு தள்ளு தள்ளினா போயிடும்" என்று திருத்தல் சார் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுப் பின்னால் போனார். இரண்டு கையையும் வேன் கதவில் ஊன்றினார். மூச்சைப் பிடித்துத் தள்ளினார். அவர் காலுக்கடியிலும் அதே சேறுதானே? தரை திருப்பித் தள்ளாமல் நழுவிக்கொள்ள, கால் பின்னால் போக, நெற்றி முன்னால் போய்க் கதவில் ணங்கென்று மோதியது.

"யம்மாடி! இட்ச்சிகினேன்!" என்றார் திருத்தல் சார்.

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கோணிப்பையைப் பிடித்தபடி நின்றார்.

"சார், நீங்க எந்த ஏரியா?"

திருத்தல் சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "தண்டையார்பேட்டை" என்றார் பிறகு, மெதுவாக. "அங்கிருந்து போய் ரொம்ப வருஷமாச்சும்மா."

அந்த இடத்தில் நானாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன், ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். அக்கா சிரிக்கவில்லை. பையிலிருந்து தைலத்தை எடுத்து அவரிடம் கொடுத்தார். அவர் தேய்த்து முடிக்கும்வரை காத்திருந்து, வாங்கி, வேன் கதவிலும் தொட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்தார். சக்கரத்துக்கு முன்னால் கோணியைத் திணித்ததும் வண்டி ஏறி வந்துவிட்டது. "பாத்தீங்களா, கோணி திருப்பித் தள்ளிச்சி!" என்று வெற்றிக்களிப்பில் கை வீசி நடந்த அக்கா, நாலு எட்டில் வழுக்கி, பள்ளிக்கூடத்து வாசலில் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தார். ஜன்னல்களில் இருந்த தலைகள் ஆரவாரம் செய்தன.

முதலில் தேன்குரல் பாடம் ஓடியது. "ஒரு பொருள் மற்றொரு பொருளின் மீது விசையைச் செலுத்தும்போது..." பிள்ளைகள் கை கட்டிக்கொண்டு, நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். சந்தேகம் உண்டா என்று திருத்தல் சார் கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் "இல்லை சார்" என்றார்கள்.

பிறகு அக்காவின் பாடம். "இன்னா பசங்களா, என்னிக்காச்சும் செவுத்துல முட்டிகினு கீறீங்களா?" என்று ஸ்பீக்கர் கேட்டது. முன் வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அடுத்தவள் சிரித்தாள். சிரிப்பு பின் வரிசைவரை போய், வகுப்பே குலுங்கியது.

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. கதவோரமாகச் சேற்றுப் புடவையோடு நின்றவர், என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக அவர் பயந்த அதே சிரிப்பு. பாடத்தை நிறுத்திவிடு என்று எனக்குச் சைகை காட்டினார். நான் நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாதீங்க மிஸ்!" என்றாள் சிரிப்பை ஆரம்பித்து வைத்தவள். "எங்க அத்த மாரியே பேசுது!"

அவ்வளவுதான். பாடம் ஓடி முடிவதற்குள் கைகள் எழுந்துவிட்டன. பெஞ்சு மேல குந்திகினா பெஞ்சு நம்மள மேல தூக்குதா மிஸ்? அப்டின்னா ஏன் பறக்க மாட்டேங்கிறோம்? பூமியும் நம்மள கீய இஸ்துகினு கீதே, அத்தொட்டா? படகுலேந்து கரைக்கு எகிறிக் குதிச்சா படகு பின்னால போவுதே, அதுவும் இதானா? எங்கப்பா அத்தொட்டுதான் மொதல்ல கயிறு கட்டுவாரா? சீப்ப தலைல தேச்சிட்டு காயிதத்தாண்ட வெச்சா காயிதமும் சீப்ப இயுக்குமா? யாரும் கை கட்டவில்லை, யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. பெல் அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அக்கா கதவோரத்தை விட்டு எப்போது நடு வகுப்புக்குப் போனார் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது மேஜை மேல் ஏறி நின்று, படகிலிருந்து குதித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் மணலி தாண்டியதும் திருத்தல் சார் அக்கா பக்கம் திரும்பினார். "திரையில ஓடுற எழுத்துல 'இடித்துக்கொண்டன', 'இழுத்துக்கொண்டன'ன்னு போடுவேன். அதுல ரெண்டு பேரும் வந்துடறாங்க இல்லையா? கன்னியாகுமரிப் பிள்ளை அதைப் பார்த்துப் புரிஞ்சுக்கட்டும். குரல் உங்களுது. ஒரு வார்த்தைகூட மாத்தப்போறதில்லை."

அக்கா யோசித்தார். "கினு வூட்டுல கீறப்ப கினுவாட்டம் கீது. வெளிய போவ சொல்லோ பொடவ கட்டிகினு 'கொண்டு'ன்னு போவுது. அவ்ளோதான சார்? போட்டுக்குங்க."

சொல்லிவிட்டு, சேறு காய்ந்த முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று வேறு சொன்னார். கண்ணுக்குள் மண் விழுந்ததா, மண்ணும் கண்ணும் விழுந்துகொண்டனவா என்று கேட்டேன். முதுகில் ஓர் அடி விழுந்தது. அவர் கையும் வலித்திருக்க வேண்டும், உதறிக்கொண்டார்.

நான் கல்யாணமாகி மாதவரத்துக்கு வந்துவிட்டேன். அக்காவும் ஹாஸ்டலை விட்டுவிட்டார். கம்பெனி தெலுங்கிலும் பாடம் எடுக்க ஆரம்பித்து, வீட்டில் தெலுங்கு பேசுகிற அவரை விசாகப்பட்டினத்துக்கு அனுப்பியிருக்கிறது. போன கையோடு செய்தி வந்தது: "இங்கயும் ஒரு கினு கீதும்மே! கொட்டுகுன்னாரு, கொட்டுகுன்னாருன்னு சொல்றாங்க. அட்ச்சிகினாங்கன்னு அர்த்தம். நானு பொறந்ததுலேந்து சொல்லிகினு கீறேன், இப்பதான் காதுல வுழுது!" நாள் முழுக்க மைக்கில் பேசித் தொண்டை கட்டிப்போவதால் போனில் பேச மாட்டார். எல்லாம் எழுத்தில்தான்.

போன வாரம் ஒரு சாயங்காலம் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தபோது, எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து அந்தக் குரல் கேட்டது. "இன்னா பசங்களா..." அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாம்பழத்துக்காகப் பூமி ஒரு எட்டு வைக்கிற இடம்வரை வந்தது. பிறகு நின்றுபோய், ஏதோ கிரிக்கெட் சத்தம் ஆரம்பித்தது.

செருப்புகூடப் போடாமல் போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஏழாம் வகுப்புப் படிக்கிற அந்த வீட்டுப் பெண் திறந்தாள்.

"என்ன ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்ல கண்ணு. இப்ப ஒரு பாடம் போட்டியே, அதுல எனக்கு ஒரு சந்தேகம். முதல்லேருந்து இன்னொரு தடவை போடுறியா?"

எனக்குச் சந்தேகமெல்லாம் ஒன்றும் இல்லை. அக்கா பேசிக் கேட்டு ரொம்ப நாளாகிறது.